கறிவேப்பிலைப் புழு எப்போது நிறம் மாற வேண்டும் என்று யார் சொல்வது?

மொட்டை மாடியில் கறிவேப்பிலைச் செடி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புழு பழக்கமானதுதான். முதலில் பார்க்கும்போது இலைமேல் ஏதோ குருவி எச்சமிட்டுவிட்டுப் போனது போல இருக்கும். கரும்பழுப்பு நிறம், நடுவில் வெள்ளைத் தீற்றல், ஈரம் காயாத பளபளப்பு. உற்றுப் பார்த்தால் மெதுவாக நகரும். சில நாள் கழித்துப் போனால் எச்சத்தைக் காணோம். அந்தக் கிளையிலேயே கொழுகொழுவென்று ஒரு பச்சைப் புழு, இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வேறு புழு வந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதே புழுதான். நான்காவது முறை தோலை உரித்தபோது வேடத்தையும் சேர்த்து மாற்றிக்கொண்டது.

கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகளின் புழுக்களும் இப்படித்தான் வளர்கின்றன. ஒரு தடவை தோலுரிப்பதற்கும் அடுத்த தடவைக்கும் இடைப்பட்ட காலத்தை ஒரு பருவம் என்பார்கள். முதல் நான்கு பருவம் எச்ச வேடம், ஐந்தாம் பருவம் பச்சை, அப்புறம் அசையாத கூட்டுப்புழு, கடைசியில் இறக்கை. இத்தனை மாற்றத்துக்கும் நடுவில் செல்களுக்குள் இருக்கும் டிஎன்ஏ மட்டும் முட்டையில் இருந்தது எதுவோ அதேதான். புதிதாக ஒரு மரபணுகூடச் சேரவில்லை. இறக்கைக்குச் செதில் செய்யும் மரபணு எச்சப் புழுவிலும் இருக்கிறது, தூங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும் என்று உடம்பு முழுக்கப் பரவிக் கிடக்கும் லட்சக்கணக்கான செல்களுக்கு யார் ஒரே நேரத்தில் செய்தி அனுப்புவது?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூச்சியின் ரத்தத்தில் ஓடும் இரண்டு ஹார்மோன்கள். எக்டைசோன் என்பது 'இப்போது தோலை உரி' என்று சொல்கிறது. இளமை ஹார்மோன் என்பது, உரித்த பிறகு பழையபடி புழுவாகவே இருப்பதா, அடுத்த நிலைக்குப் போவதா என்பதைத் தீர்மானிக்கிறது. பள்ளிப் புத்தகம் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்ளும். எனக்குச் சுவையாகப் படுவது அதற்கப்புறம் வரும் பகுதி: இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு உடம்பு எப்படித் தன்னையே திருப்பிக் கட்டுகிறது?

நூலால் கட்டிய புழு

பூச்சிக்கு எலும்புக்கூடு வெளியே இருக்கிறது. அந்தக் கடினத் தோல் உடம்போடு சேர்ந்து வளராது. குழந்தை வளர வளரப் பழைய சட்டை இறுகுவது போலத்தான். அடியில் புதுத் தோலைத் தயார் செய்துவிட்டு, பழையதைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதற்கு நேரம் குறிப்பது யார் என்ற கேள்விக்கு முதல் துப்பு 1917இல் கிடைத்தது.

போலந்து நாட்டு உயிரியலாளர் ஸ்டெஃபான் கோபெச், ஜிப்சி அந்துப்பூச்சியின் புழுக்களிலிருந்து மூளையை மட்டும் அறுத்தெடுத்துப் பார்த்தார். மூளை இல்லாமலும் புழு பல நாள் உயிரோடு கிடக்கும். கடைசிப் புழுப்பருவத்தின் தொடக்கத்திலேயே மூளையை இழந்தவை கூட்டுப்புழுவாக மாறவே இல்லை. பத்து நாள் போல விட்டு எடுத்தவை, மூளை இல்லாமலேயே ஒழுங்காக மாறின. சில புழுக்களை நடு உடம்பில் நூலால் இறுக்கிக் கட்டினார். முன்பாதி கூட்டுப்புழுவாக மாற, பின்பாதி புழுவாகவே கிடந்தது. நரம்பை மட்டும் துண்டித்தால் இந்தத் தடை ஏற்படவில்லை. ஆகவே செய்தி நரம்பு வழியாகப் போகவில்லை, ரத்தத்தில் போகிறது; மூளை அதை ஒரு குறிப்பிட்ட நாள்வரைதான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

மூளையே ஹார்மோன் சுரக்கும் என்ற எண்ணம் அன்றைக்கு யாருக்கும் எளிதில் இறங்கவில்லை. கோபெச்சின் முடிவுகள் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1941இல் நாஜிகள் அவரைக் கொன்றார்கள்.

மிச்சக் கண்ணியைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் சோயிச்சி ஃபுகுதா. 1940வாக்கில் பட்டுப்புழுவை வைத்து அவர் காட்டியது இது: மூளை நேரடியாகத் தோலுக்குச் செய்தி சொல்வதில்லை. தலைக்குப் பின்னால், முன்மார்பில் ஒரு சுரப்பி இருக்கிறது. மூளை அதைத் தட்டி எழுப்புகிறது, அந்தச் சுரப்பிதான் உடம்பு முழுவதற்கும் ஹார்மோனை விடுகிறது.

அந்த ஹார்மோனைக் கையில் பிடிக்க ஜெர்மனியில் அடால்ஃப் புட்டெனாண்டும் பீட்டர் கார்ல்சனும் பட்ட பாடு சாதாரணமானதல்ல. 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவை அரைத்து, வடித்து, பிரித்து, 1954இல் அவர்களுக்குக் கிடைத்த தூய படிகம் 25 மில்லிகிராம். கையில் எடுத்தால் ஒரு சிட்டிகைகூடத் தேறாது. அதற்குத்தான் எக்டைசோன் என்று பெயர். பின்னால் அதன் அமைப்பு தெரிந்தபோது ஆச்சரியம்: அது ஒரு ஸ்டீராய்டு. நம் உடம்பில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் சேர்ந்த அதே குடும்பம். ஒரு வித்தியாசம், ஸ்டீராய்டுக்கு மூலப்பொருளான கொலஸ்ட்ராலைப் பூச்சியால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது. தின்னும் இலையிலிருந்துதான் அதற்கான சரக்கு வர வேண்டும்.

கெட்டிமேளம் ஒன்று, வேலை நூறு

சரி, ஹார்மோன் ரத்தத்தில் வந்துவிட்டது. செல்லுக்குள் என்ன நடக்கிறது?

இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். சில ஈ வகைகளின் புழுக்களுக்கு உமிழ்நீர்ச் சுரப்பிச் செல்களில் ராட்சதக் குரோமோசோம்கள் இருக்கும். ஒரே டிஎன்ஏ ஆயிரம் தடவைக்கு மேல் நகலெடுக்கப்பட்டு, பிரியாமல் அடுக்கடுக்காக ஒட்டிக் கிடப்பதால், சாதாரண நுண்ணோக்கியிலேயே வரிவரியாகத் தெரியும். 1960இல் உல்ரிஷ் கிளெவரும் கார்ல்சனும் அப்படிப்பட்ட புழுவுக்குள் எக்டைசோனைச் செலுத்தினார்கள். அரை மணி நேரத்துக்குள் குரோமோசோமின் குறிப்பிட்ட சில இடங்கள் பூரி மாதிரி உப்பிக்கொண்டன. டிஎன்ஏ இழை அந்த இடத்தில் தளர்ந்து, மரபணு படிக்கப்படுவதன் அடையாளம் அது. ஒரு ஹார்மோன் மரபணுவை முடுக்கிவிடுவதை மனிதர்கள் நேரில் கண்டது அதுவே முதல் தடவை.

பழ ஈயில் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தவர் மைக்கேல் ஆஷ்பர்னர். ஹார்மோன் பட்டதும் முதலில் உப்புவது ஏறக்குறைய ஆறு இடங்கள்தான். சில மணி நேரம் கழித்து அவை அடங்கிவிடுகின்றன. அப்போது நூறு போல வேறு இடங்கள் உப்புகின்றன. புதுப் புரதம் உருவாகாதபடி தடுத்துவிட்டால் முதல் ஆறு வருகின்றன, ஆனால் அடங்குவதில்லை, இரண்டாவது கூட்டம் வருவதும் இல்லை. இதிலிருந்து 1974இல் அவரும் கூட்டாளிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள். முதல் ஆறு மரபணுக்கள் செய்யும் புரதங்களே அடுத்த நூறை இயக்குகின்றன. அதே புரதங்கள்தான் திரும்பி வந்து தங்களைப் பெற்ற மரபணுக்களையும் அணைக்கின்றன. மூலக்கூறு அளவில் பின்னால் தெரிய வந்தவை இந்தக் கணக்கைப் பெருமளவு உறுதி செய்தன. எக்டைசோனைப் பிடிக்கும் ஏற்பிப் புரதத்தின் மரபணுவை டேவிட் ஹாக்னஸின் ஆய்வுக்கூடம் 1991இல் பிரித்தெடுத்தது. அந்த ஏற்பி இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்து டிஎன்ஏவிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஹார்மோன் வந்து அதன் குழியில் பொருந்தியதும், பக்கத்து மரபணு படிக்கப்படத் தொடங்குகிறது.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். எல்லாச் செல்லுக்கும் போவது ஒரே எக்டைசோன் என்றால், எல்லாச் செல்லும் ஏன் ஒரே வேலையைச் செய்வதில்லை?

கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும் கணத்தை நினைத்துப் பாருங்கள். சத்தம் ஒன்றுதான். மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், நாத்தனார் முடிச்சுப் போடப் போகிறார், எதிரே இருப்பவர்கள் அட்சதை தூவுகிறார்கள், போட்டோகிராபர் எல்லாரையும் மறைத்துக்கொண்டு நிற்கிறார், பின்கட்டில் பந்திக்கு இலை விரிக்கச் சொல்லிக் குரல் கேட்கிறது. யார் என்ன செய்ய வேண்டும் என்று மேளம் சொல்லவில்லை. அது அவரவருக்கு ஏற்கெனவே தெரியும். மேளம் சொன்னது 'இப்போது' என்பதை மட்டும்.

எக்டைசோனும் அப்படித்தான். ஒவ்வொரு திசுவிலும் டிஎன்ஏவின் எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது சுருட்டி மூடப்பட்டிருக்கிறது என்பது முன்கூட்டியே வேறு வேறாக அமைந்திருக்கிறது. பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியையே எடுத்துக்கொள்ளலாம். அதன் செல்கள் பெருகுவதில்லை. உள்ளே இருக்கும் டிஎன்ஏதான் நகல்மேல் நகலாக 4 லட்சம் மடங்குவரை ஏறுகிறது. இலை தின்னும் நாட்களில் பட்டு நூலுக்கான ஃபைப்ராயின் மரபணு அங்கே முழுவேகத்தில் ஓடும். தோலுரிக்கும் நேரத்தில் அணைந்துவிடும். மறுபடி தின்னத் தொடங்கியதும் மறுபடி ஓடும். கூடு கட்டி முடித்த பிறகு வரும் எக்டைசோன் அலையில், அந்தச் சுரப்பியின் செல்கள் தங்களைத் தாங்களே அழித்துக்கொள்கின்றன. அதே அலை அதே உடம்பில், இத்தனை நாள் சும்மா கிடந்த இறக்கை மொட்டை விரியச் செய்கிறது. ஒரு திசுவுக்குச் சாவு, இன்னொன்றுக்குப் பிறப்பு.

இன்னும் நேரமாகவில்லை

இப்போது இரண்டாவது ஹார்மோன். இளமை ஹார்மோன் என்ற பெயரைக் கேட்டதும் ஏதோ வயதைக் குறைக்கும் மருந்து போலத் தோன்றும். அது எதையும் இளமையாக்குவதில்லை. மாற்றத்தைத் தடுத்து வைக்கிறது, அவ்வளவே. முகூர்த்த நேரம் பார்த்துக்கொண்டு 'இருங்கப்பா, இன்னும் நேரமாகலை' என்று கையமர்த்தும் பெரியவர் மாதிரி.

இதைக் கண்டுகொண்டவர் இங்கிலாந்தின் வின்சென்ட் விக்கிள்ஸ்வொர்த். 1930களில் அவர் எடுத்துக்கொண்ட ஆள் ரோட்னியஸ் என்ற தென் அமெரிக்க ரத்தம் குடிக்கும் பூச்சி. சோதனைக்கு அதைவிடத் தோதான பூச்சி கிடைப்பது கடினம்: ஒரு பருவத்தில் ஒரே தடவை வயிறு முட்டக் குடித்தால் போதும், இத்தனை நாள் கழித்துத் தோலுரிக்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம். தலையை வெட்டினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஐந்தாம் பருவம் முடிந்தால் அது வளர்ந்த பூச்சியாக வேண்டும். ஆனால் அந்தப் பூச்சியை நான்காம் பருவக் குஞ்சு ஒன்றோடு ரத்தம் கலக்கும்படி ஒட்டி வைத்தால், முதிராமல் மறுபடி குஞ்சாகவே தோலுரித்தது. இளைய பூச்சியின் ரத்தத்தில் ஏதோ ஒன்று தடுக்கிறது. அந்த ஏதோ ஒன்று வந்த இடம், மூளைக்குப் பின்னால் ஒட்டிக்கிடக்கும், கடுகைவிடச் சிறிய கார்ப்பரா அலாட்டா சுரப்பி.

பிரான்ஸில் புனியோல் இதையே தலைகீழாகச் செய்து காட்டினார். 1938இல் அவர் இளம் பட்டுப்புழுக்களிலிருந்து அந்தச் சுரப்பியை எடுத்துவிட்டார். ஐந்தாம் பருவம்வரை காத்திருக்காமல் அவை முன்கூட்டியே கூட்டுப்புழுவாகி, பொம்மை போன்ற குட்டி அந்துப்பூச்சிகளாக வெளிவந்தன. ஆக, மாறும் திறமை புழுவுக்குள் முன்பே இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்திவைக்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

மரபணு மட்டத்தில் இந்தப் பிடி எப்படி வேலை செய்கிறது என்பது கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில்தான் தெளிவானது. இளமை ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிக்கு மெட் என்று பெயர். (மெத்தோப்ரீன் என்ற பூச்சிக்கொல்லியைத் தாங்கி நின்ற பழ ஈக்களில் கிடைத்த மரபணு என்பதால் அந்தப் பெயர், ஏற்பி அதுதான் என்று உறுதியாக நிறுவ 2011 ஆயிற்று.) ஹார்மோனைப் பிடித்த மெட், கேஆர்-எச்1 என்ற மரபணுவை இயக்குகிறது. அந்த மரபணுவின் புரதம் காவல்காரன். பிராட், ஈ93 என்ற வேறு இரண்டு மரபணுக்களின் வாசலில் நின்றுகொண்டு அவற்றைத் திறக்கவிடாது.

பிராட்தான் 'கூட்டுப்புழுவாகு' என்னும் மரபணு. அது பழுதான பழ ஈப் புழுக்கள் கூட்டுப்புழு நிலையைத் தொடாமலேயே செத்துப்போகின்றன. ஈ93 'முழுப்பூச்சியாகு' என்பது. மாவு வண்டின் கூட்டுப்புழுவில் ஈ93ஐ முடக்கிப் பார்த்தார்கள். தோலுரித்து வெளியே வந்தது வண்டில்லை, இன்னொரு கூட்டுப்புழு.

இனி முழுக் காட்சியையும் ஓட்டிப் பார்க்கலாம். முதல் நான்கு பருவத்தில் இளமை ஹார்மோன் போதுமான அளவு இருக்கிறது, காவல்காரன் நிற்கிறான். எக்டைசோன் வந்து 'உரி' என்றால் புழு உரித்து மறுபடி புழுவாகிறது. கடைசிப் பருவத்தில் இளமை ஹார்மோன் வடிகிறது, காவல் விலகுகிறது. அப்போது முதலில் எக்டைசோனின் சிறிய அலை ஒன்று வருகிறது. தோலுரிக்க அது போதாது. ஆனால் பிராட் திறந்துகொள்ள அது போதும். பட்டுப்புழு தின்பதை நிறுத்தி, வயிற்றைக் காலி செய்துவிட்டு, கூடு கட்ட இடம் தேடி அலைவது இந்த நேரத்தில்தான். பின்னால் வரும் பெரிய அலையில் கூட்டுப்புழு. அதற்கும் அடுத்த அலையில் ஈ93, இறக்கை. நடுவில் கூட்டுப்புழுவாகும் தறுவாயில் இளமை ஹார்மோன் ஒரு தடவை எட்டிப்பார்த்துவிட்டுப் போகும், கூட்டுப்புழு நிலையைத் தாண்டி நேரே பூச்சிக்குப் பாய்ந்துவிடாமல் இருக்க. பாடப்புத்தகப் படங்கள் இதை விட்டுவிடுவது வழக்கம்.

கறிவேப்பிலைப் புழுவின் வேடமாற்றத்துக்கும் இதே ஹார்மோன்தான் பொறுப்பு. நம் அழகிகளுக்கு நெருங்கிய உறவான ஜப்பானியப் பட்டாம்பூச்சி ஒன்றில் ஃபுதஹாஷியும் ஃபுஜிவாராவும் 2008இல் இதைக் காட்டினார்கள். நான்காம் பருவம் தொடங்கியதுமே அந்தப் புழுவில் இளமை ஹார்மோன் குறைகிறது. அந்த முதல் ஒரு நாளுக்குள் வெளியிலிருந்து ஹார்மோனைத் தடவிவிட்டால், ஐந்தாம் பருவத்திலும் அது பச்சையாவதில்லை. உடம்பு பெருத்த பிறகும் எச்ச வேடத்திலேயே திரிகிறது. நாள் தவறித் தடவினால் பலனில்லை. பச்சையாவதா வேண்டாமா என்று செல்கள் முடிவெடுத்தது நிறம் தெரிவதற்குப் பல நாள் முன்பு.

இளமை ஹார்மோன் எப்போது வடிய வேண்டும் என்பதை யார் சொல்வது என்று கேட்டால், ஓரளவுக்குச் சாப்பாடு. புகையிலைப் புழு ஒன்றில் நைஹவுட்டும் வில்லியம்ஸும் 1974இல் கண்டது: கடைசிப் பருவத்தில் ஒரு குறிப்பிட்ட எடையைத் தாண்டுவதற்கு முன்னால் பட்டினி போட்டால் மாற்றம் தள்ளிப்போகிறது. அந்த எடையைத் தாண்டிவிட்டால் பட்டினி போட்டாலும் கடிகாரம் நிற்பதில்லை.

காகிதமும் வேம்பும்

இதே வில்லியம்ஸின் ஹார்வர்டு ஆய்வுக்கூடத்தில்தான் காகிதக் கதை நடந்தது. 1960களின் நடுவில் பிராக் நகரிலிருந்து கரெல் ஸ்லாமா தன்னுடைய செந்நிறப் பூச்சிகளோடு அங்கே வந்தார். பிராக்கில் பத்தாண்டு ஒழுங்காக வளர்ந்த பூச்சிகள் அமெரிக்காவில் முதிர மறுத்தன. ஐந்தாம் பருவம் முடிந்து ஆறாவது, சில ஏழாவது பருவக் குஞ்சாக ஊதிப்போய்ச் செத்தன. எதையெதையோ மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் பூச்சிகளின் கூண்டில் விரித்த காகிதத் துண்டில் வந்து நின்றார்கள். நியூயார்க் டைம்ஸ் தாளை விரித்தால் பூச்சி முதிராது, லண்டன் டைம்ஸை விரித்தால் முதிரும். அமெரிக்கக் காகிதம் பால்சம் ஃபர் என்ற மரத்தின் கூழிலிருந்து வருகிறது. அந்த மரத்தில் இளமை ஹார்மோனைப் போலவே நடிக்கும் பொருள் ஒன்று இருந்தது. நம் ஊர்ப் பருத்திக் காயில் கூட்டமாக ஏறி நிற்கும் சிவப்புப் பூச்சியும் அதே குடும்பம்தான். அதனிடமும் இது பலித்தது.

மரங்கள் பூச்சிகளின் பாஷையைக் கற்றுவைத்திருக்கின்றன என்று புரிந்ததும், ஆட்கள் அதையே பின்பற்றினார்கள். மெத்தோப்ரீன் ஒரு போலி இளமை ஹார்மோன். கொசுப்புழு இருக்கும் தண்ணீரில் போட்டால் அவை கொசுவாவதில்லை. வேப்பங்கொட்டையில் இருக்கும் அசாடிராக்டின் வேறு விதம். எக்டைசோன் வர வேண்டிய வேளையில் வராமல் குழப்பிவிடுகிறது. வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்த வயலில் புழு உடனே சாகவில்லை என்று குறைப்படுபவர்கள் உண்டு. நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தால், பாதித் தோலுக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கும் புழுக்களைக் காணலாம்.

பட்டுப்புழு வளர்ப்பவர்கள் கொல்வதற்குப் பதிலாக வேறு கணக்குக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். ஓசூர், தர்மபுரிப் பக்கம் புழு வளர்ப்பவர்களுக்குப் பெரிய தொல்லை, எல்லாப் புழுவும் ஒரே நாளில் பழுக்காமல் இழுத்தடிப்பது. முதலில் சில புழுக்கள் முதிர்ந்து உடம்பு கண்ணாடி போல மினுங்கத் தொடங்கும்போது, தாவரத்திலிருந்து எடுத்த எக்டைசோன் வகைப் பொருளை மல்பெரி இலைமேல் தெளித்துக் கொடுத்தால், மிச்சப் புழுக்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே கூடு கட்ட ஏறிவிடும். கொஞ்சம் முன்னால், கடைசிப் பருவத்தின் தொடக்கப் பகுதியில், சிறிதளவு மெத்தோப்ரீன் கொடுத்தால் நேர்மாறு: புழு இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தின்று, கனமான கூடு கட்டும். அளவு மிஞ்சினால் கூடே கட்டாது.

மாடிச் செடியின் பச்சைப் புழுவைக் கையில் எடுக்காமல் விட்டுவைத்திருந்தால், ஒரு நாள் அது இலை தின்பதை நிறுத்தும். நீர்த்த எச்சம் ஒன்றைப் போட்டுவிட்டுத் தண்டிலோ தொட்டியின் விளிம்பிலோ ஏறி, இடுப்பில் ஒரு நூல் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். அடுத்த நாள் அங்கே கூட்டுப்புழு இருக்கும். பசுந்தண்டில் நின்றால் பெரும்பாலும் பச்சை, காய்ந்த குச்சியிலோ சுவரிலோ நின்றால் பழுப்பு. அந்த நிறத்தில் மட்டும் இந்த இரண்டு ஹார்மோன்களுக்கும் நேரடிப் பங்கில்லை. நிற்கும் இடத்தைப் புழு தடவிப் பார்த்தறிந்த பிறகு, நரம்பு மண்டலத்திலிருந்து வரும் மூன்றாவது ஒரு ஹார்மோன் அதைச் செய்கிறது.